கொடி இறங்கிய நேரம்

தோள்பட்டை காலையிலிருந்தே கழன்று விழுவதுபோல வலித்தது. லிஃப்ட், பறக்கும் டாக்ஸியில் வருகிறவர்களுக்கு மட்டும். டாக்ஸியில் மாற்றுகிற பேட்டரிக்கும் அதைச் சுமக்கிறவனுக்கும் படிக்கட்டுதான். ஆறு பேட்டரிப் பெட்டி ஏற்றிவிட்டு, கொடிக்காரன் மொட்டைமாடியில் தன் இடத்துக்கு வந்து நின்றான். வண்டி இறங்கியதும் விசிறிகள் ஓய நாலு நிமிஷம் ஆகும். அதுவரை சிவப்புக் கொடி தூக்கியே இருக்க வேண்டும், ஒருத்தரும் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. அம்பது கிலோவை முதுகில் வைத்துக் குனிந்து வருகிறவனுக்கு விசிறி கண்ணில் படாது. தரை மட்டும்தான் தெரியும். கொடித்துணி தரையைத் தொட்டால் போகலாம்.

அன்று உரிமம் தருகிற அதிகாரி கடிகாரத்தோடு வந்திருந்தார். மணிக்குப் பத்து வண்டி இறக்கிக் காட்டினால்தான் நகரத்துக்குள் பறக்க அனுமதி.

"கொடிய இறக்குடா," என்றான் சூப்பர்வைசர்.

"இன்னும் சுத்துதுங்க."

"உன் தங்கச்சி புருஷன் ஆடி அசைஞ்சு வர்றதுக்குள்ள நின்னுடும். இறக்கு."

இறக்கினான். பெட்டி சுமந்து குனிந்து வந்த தங்கச்சி புருஷன் துணியைப் பார்த்துக் கோட்டைத் தாண்டி, பெட்டியை வண்டியில் செருகக் கையை நீட்டினான். ஈரத்துணியை உதறின மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். அதிகாரியின் வெள்ளைச் சட்டைவரை ரத்தம் தெறித்தது.

கொடிக்காரன் கொடிக்கம்பாலேயே சூப்பர்வைசரின் வாயில் அடித்தான். கம்பு முறிந்தது. பிறகு கைமுஷ்டியால் குத்தினான், பல் உடைந்து கைக்குள் ஏறுகிறவரை. நாலு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள்.

அதிகாரி நோட்டைத் திறந்தார். "கொடி எங்க இருந்துச்சு?"

"மேலதான் சார்," சூப்பர்வைசர் ரத்தத்தைத் துப்பினான். "அவனாவே உள்ள பூந்துட்டான். இறங்கியிருந்தா, இறக்கினவன்ல சார் ஜெயிலுக்குப் போகணும்?"

எல்லோரும் கொடிக்காரனைப் பார்த்தார்கள்.

"மேலதான் இருந்துச்சு," என்றான்.

தானாகக் கோட்டைத் தாண்டினவனுக்கு நஷ்டஈடு கிடையாது. அனுமதி சாயங்காலமே கையெழுத்தானது.

ஆஸ்பத்திரியில் தங்கச்சி தண்ணீர் டம்ளரோடு நின்றாள். கட்டிலில் கிடந்த மாப்பிள்ளையின் கைக்கட்டு மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

"மச்சான், துணி தரையில கிடந்துச்சுல்ல? எனக்குத்தான் கண்ணு தப்பாத் தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்காங்களாம். நீங்க பக்கத்துலதான இருந்தீங்க."

தங்கச்சி அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. வெளியே ஒரு வண்டி கூரைகளுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

"தூங்கு மாப்ள," என்றான்.

கொடியை இறக்கினது நான்தான் என்று அதிகாரியின் நோட்டில் ஏறும்படி ஒரு வாக்குமூலம். மாப்பிள்ளைக்கு அவன் பட்ட கடன் அது. இன்னும் கொடுக்கவில்லை.