கவுன்சிலர் முகத்தின் மேல் ஏழாம் எண்

சட்டையை உள்ளே விடச் சொன்னதும் எண் காணாமல் போய்விட்டது.

நடுவர் ஜெரலின் குனிந்து பார்த்தாள். கடற்கரைக் கூடைப்பந்து அணியின் பன்னிரண்டு பையன்களும் முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். பன்னிரண்டு முதுகிலும் கவுன்சிலர் எர்மோ கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்து இடுப்பு வரை அவர்தான். அவருக்குக் கீழே, சட்டை விளிம்பை ஒட்டி, எண் என்று ஏதோ ஒன்று அச்சடித்திருந்தார்கள். சட்டையை டவுசருக்குள் விட்டால் அது உள்ளே போய்விடும். விடாவிட்டால் அது வேறொரு குற்றம். மார்புப் பக்கமும் இதே லட்சணம்தான், அங்கே முகத்துக்குப் பதில் அவர் பெயர். காலையில்தான் கடையிலிருந்து வந்த சட்டைகள். மை வாடை இன்னும் போகவில்லை.

"அக்கா, என் நம்பர் உள்ள கூசுது" என்றான் ஒருவன். மற்றவர்கள் உருண்டு சிரித்தார்கள்.

சந்தை அணியின் பயிற்சியாளர் சிரிக்கவில்லை. கையில் சட்டப் புத்தகத்தோடு வந்துவிட்டார். முதுகின் நடுவில் எண் தெரியவேண்டும். தெரியாத ஒவ்வொரு சட்டைக்கும் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. "பன்னண்டு சட்ட, பன்னண்டு ஃப்ரீ த்ரோ. எம்பையன் கோட்டுல ரெடியா நிக்கிறான், குடுங்க ரெஃப்."

"விசில் அடிக்கறதுக்குள்ள சரி பண்ணிட்டா தண்டனை இல்ல. அதுவும் அதே பக்கத்துலதான் இருக்கு. கீழ படிங்க" என்றாள் ஜெரலின். அவர் கீழே படிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்.

அவளோடு விசில் ஊதும் திபோர் அண்ணன் முப்பது வருஷமாக இந்தக் கூரைக்குக் கீழே ஓடுகிறவர். "கண்டுக்காத. சட்டைய வெளிய விட்டுட்டே ஆடட்டும்" என்றார். போட்டியை நடத்தும் நெஸ்தோர் அவளை ஸ்கோர் மேசைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். சின்னப் பெண்களை 'இந்தாய்' என்று கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம்.

"இந்தாய், நல்லாக் கேட்டுக்கோ. ஃபைனலுக்கு உன் பேர்தான் மனசுல இருக்கு. இந்த ஊர்ல பொம்பளப் புள்ள எவளும் ஃபைனல் ஊதினதில்ல. பந்து, கோப்பை, லைட்டு, எல்லாம் கவுன்சிலர் குடுத்தது. அவர் மனசு நோகாம இந்த ஒரு ஆட்டத்த முடி. நோகடிச்ச, ஃபைனல் திபோருக்கு."

ஜெரலினுக்குக் காது சுட்டது. அந்த ஃபைனல் அவளுக்கு வேண்டும். ஆறு வாரமாக ஒன்பது வயசுப் பொடியன்களின் ஆட்டத்துக்கு விசில் ஊதி, மூக்கு ஒழுகினால் துடைத்து, ஷூ லேஸ் கட்டிவிட்டது அதற்காகத்தான். ஆனால் போன வாரம் இதே இடத்தில் நடந்தது இன்னும் உறுத்தியது. மலைப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் ஆட வந்தார்கள். மூன்று பேர் வெள்ளை பனியனில் மார்க்கர் பேனாவால் எண் எழுதியிருந்தார்கள். வியர்வையில் அது கரைந்து ஓடியது. மூன்று ஃப்ரீ த்ரோ கொடுத்தாள். மூன்று புள்ளியில் அவர்கள் தோற்றார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எர்மோ கை தட்டி, "அப்படித்தான்! ரூல்னா ரூல்!" என்றார். அவளும் கரும்பு வெட்டுகிறவரின் மகள்தான். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். மறுநாள் கடையில் மாஸ்கிங் டேப் இரண்டு சுருள் வாங்கிப் பையில் போட்டாள். இனி எந்தப் பிள்ளைக்கும் எண் இல்லை என்று சொல்லக்கூடாது.

கரைந்த மைக்கு ஒரு சட்டம், கவுன்சிலர் பல்லுக்கு ஒரு சட்டமா? அந்த வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கட்டும்.

"பத்து நிமிஷம்" என்று டேப்பைக் கடற்கரை அணியின் பயிற்சியாளர் ரோமெல் கையில் வைத்தாள். ரோமெல் வாடகைக்கு டிரைசைக்கிள் ஓட்டுகிறவர், நல்ல மனுஷன், பயந்தவர்.

"எங்க ஒட்டறது ரெஃப்?"

"முதுகு நடுவுல."

"நடுவுல கவுன்சிலர் இருக்காரே."

"இருக்கட்டும். அவர் மேல ஒட்டுங்க."

ரோமெல் எச்சில் விழுங்கினார். பையன்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. டேப்பைப் பிடுங்கி ஒருத்தன் முதுகில் ஒருத்தன் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நாலாம் எண் நெற்றியில் தொடங்கித் தாடையில் முடிந்தது. எட்டு இரண்டு கண்ணையும் மூடியது. ஏழின் கோடு மூக்கை இரண்டாகப் பிளந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நெஸ்தோர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. இரண்டாம் கால் பகுதியில் ஏழாம் எண்காரன் ஜுன்ரே பந்தோடு ஓடி எதிரணிப் பையன் மேல் மோதினான். ஜெரலின் விசில் அடித்து, ஃபவுல் என்று அவன் பக்கம் கையைக் காட்டினாள். அவ்வளவுதான், அவன் அம்மா எழுந்துவிட்டாள். பூரிங் அக்கா, ஊர் வழக்கில் மனாங் பூரிங், மீன் விற்கிறவள். கூவினால் மூன்று தெரு தாண்டிக் கேட்கும்.

"ஏ விசில்! நாலு வருஷம் காலேஜுல இதத்தான் படிச்சியா? என் கூடைல இருக்கற மீனு உன்ன விட நல்லாப் பாக்கும்டி. செத்துப்போயும் கண்ணத் தொறந்துதான் வெச்சிருக்கு!"

ஜெரலினுக்கே சிரிப்பு வந்துவிட்டது. திட்டு குற்றமில்லை. திட்டு இல்லாத ஆட்டம் உப்பில்லாத கஞ்சி. ஆனால் பூரிங் வாயோடு நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள்.

ஜெரலின் கடிகாரத்தை நிறுத்தச் சொன்னாள். பந்தை வாங்கினாள். ஆடுகளத்தின் நட்டநடுவில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

"என்ன இது?" என்றாள் பூரிங்.

"உக்காந்திருக்கேன் மனாங். நீங்க கோட்டுக்கு அந்தப் பக்கம் போற வரைக்கும் ஆட்டம் இல்ல. எனக்கு அவசரமில்ல."

பிறகு கூட்டம் பூரிங் பக்கம் திரும்பியது. "ஏய் பூரிங், வெளிய வாடி! மழை வருது, ஆட்டம் முடிய வேணாமா?" "செருப்ப மாட்டிக்கோ, ஒத்தக் கால்ல நிக்கறதப் பாத்தா கொக்கு மாதிரி இருக்க!" ஜுன்ரே முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "அம்மா, போம்மா" என்றான். மகன் சொன்னதுதான் அவளைத் தொட்டது. முறைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் கால் பகுதியில் எர்மோ வந்தார். படம் எடுக்க ஓர் ஆள், குடை பிடிக்க ஓர் ஆள். தன் முகத்தைத் தேடினார். ஓடுகிற பையன்கள் முதுகில் ஒரு காது, அரைச் சிரிப்பு, ஒரு கட்டை விரல். அதற்கு மேல் எதுவும் இல்லை. சிவந்துபோய் நேராக உள்ளே நடந்து வந்தார். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பையன் அவர் மேல் மோதி விழுந்தான்.

ஜெரலின் விசில் அடித்தாள். நெஸ்தோர் மேசைக்குப் பின்னாலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் பார்த்தாள். ஃபைனல் போகிறது, போகட்டும் என்று தோன்றியது. பந்தை நடுவில் வைத்து உட்கார்ந்தாள்.

"யார் ஒட்டச் சொன்னது?" என்றார் எர்மோ.

"நான்தான் சார். மொதல்ல கோட்டுக்கு வெளிய போங்க. அப்புறம் பேசலாம்."

"நான் யார் தெரியுமா உனக்கு?"

கூட்டத்திலிருந்து அந்த மூன்று தெருக் குரல் வந்தது.

"எல்லாருக்கும் தெரியும் கவுன்சிலர்! வெளிய வாங்க! நான் போனேன்ல? என் காலு மட்டும் காலு, உங்க காலு என்ன தங்கமா?"

பூரிங் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கோட்டுக்கு வெளியேதான். அவளைத் தொடர்ந்து கூட்டமே கத்தியது. "வெளிய! வெளிய!" சந்தைக்காரர்களும் கடற்கரைக்காரர்களும் சேர்ந்து கத்தினார்கள். ஓட்டுப் போடுகிறவர்களின் வாய்கள் அவை. எர்மோ அதை எண்ணிப் பார்த்திருப்பார். திரும்பி நடந்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் போனதும் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சரிம்மா. உன் ரூல்படி என் முகத்த எங்கதான் போடறது?"

"நம்பருக்குக் கீழ போடலாம் சார். ஆனா டவுசருக்குள்ள போயிடும்."

குடைக்காரன் இருமுவதுபோல் சிரித்துச் சமாளித்தான். எர்மோ அவனை ஒரு பார்வை பார்த்தார்.

கடற்கரை அணி இரண்டு புள்ளியில் தோற்றது. கடைசியில் ஜுன்ரே இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்டான். நெஸ்தோர் வழக்கம்போல் புகார்த் தாளை எடுத்து வைத்திருந்தார். தோற்ற அணி புகார் எழுதாமல் இந்த வருஷம் ஒரு ஆட்டமும் முடிந்ததில்லை. புகார் வந்தால் மறுநாள் கூட்டம், சமாதானம், மறு ஆட்டம் என்று இழுக்கும்.

ரோமெல் அந்தத் தாளைத் தள்ளிவிட்டு ஸ்கோர் தாளில் கையெழுத்துப் போட்டார். "பன்னண்டு ஃப்ரீ த்ரோ அவங்களுக்குக் குடுத்திருந்தா நாங்க தொடங்கறதுக்கு முன்னாடியே தோத்திருப்போம். ஆட விட்டாங்க, தோத்தோம். இதுல என்ன புகார்?" சந்தைப் பயிற்சியாளரும் கீழே கையெழுத்திட்டார். "ஃபைனலுக்கும் இந்தப் பொண்ணையே போடு நெஸ்தோர். எவனுக்கும் வளைய மாட்டா, எனக்கும்தான். பரவால்ல."

நெஸ்தோர் ஓரமாக நின்ற எர்மோவைப் பார்த்தார். எர்மோ கைபேசியைப் பார்த்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நெஸ்தோருக்கு அது போதும். பேனாவை எடுத்தார்.

"ஞாயித்துக்கெழம மூணு மணி, இந்தாய். லேட்டா வராத."

"நான் என்னைக்கு லேட்டா வந்தேன்?" என்று வெடுக்கென்று சொன்னாள் ஜெரலின். திரும்பிக்கொண்ட பிறகுதான் சிரித்தாள். திபோர் அண்ணன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். முழுவதையும் குடித்தாள்.

வாசலில் பூரிங் மகனின் காதைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தாள். "முதுகுல அம்மாம் பெரிய நம்பர் ஒட்டிவிட்டாங்க. கைல ஒரு பந்து ஒழுங்காப் போடத் தெரியுதா?" ஜெரலினைப் பார்த்ததும் நின்றாள்.

"ஃபைனல் உனக்காமே. வருவேன். வந்து திட்டுவேன்."

"வாங்க மனாங். வயிறு நெறைய சாப்ட்டு வாங்க, ரெண்டு மணி நேரம் திட்டணும்."