முப்பது வருடப் பழைய அடுத்த வாரம்

"உனக்குச் சிரிக்கத் தெரியுமா?"

வேலை கேட்டுப் போனபோது பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான். எத்தனாவது வரை படித்தாய், ஏன் நின்றாய் என்று கேட்பார்களே என்று பயந்து வழியெல்லாம் பதில் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். அதெல்லாம் வீணாய்ப் போயிற்று. பெரியம்மாதான் முந்திக்கொண்டு, "நல்லாவே சிரிப்பா சார். சத்தம்தான் வராது" என்றாள்.

பெரியம்மா அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் தாள் மடிக்கிறவள். அம்மா போன பிறகு என்னை வளர்க்கிறவளும் அவள்தான்.

போர் முடிந்து முப்பது வருடம் ஆவதால், அந்தக் காலத்துத் தலைப்புகளில் வேடிக்கையானவற்றைப் பொறுக்கி ஒரு பக்கம் போட ஆசிரியருக்கு ஆசை. பைண்டு செய்த பழைய பேப்பர்களை நான் புரட்டுவேன். புரூப் பார்க்கும் அண்ணன் எதிரில் உட்கார்ந்து என் தோளையே கவனிப்பார். தோள் குலுங்கினால் அந்தத் தலைப்பு தேறிவிட்டது. "இவ தோளுக்குத்தான் சார் சம்பளம் கொடுக்கணும்" என்பார்.

குலுங்காமல் எப்படி இருக்கும்?

"இனி விளக்குகளை அணைக்க வேண்டியதில்லை: நகரசபை. மின்சாரம் பற்றிப் பின்னர் அறிவிப்பு."

"சமாதானக் கூட்டத்தில் நாற்காலிக்கு அடிதடி."

"பதுங்குகுழியில் குடியேறியவர் வெளியே வர மறுப்பு. வாடகை இல்லை என்கிறார்."

"வானில் தெரிந்தது எதிரி விமானமல்ல, கொக்கு. சுட்டவர் வருத்தம்."

இவற்றுக்கு நடுவில் ஒரு தலைப்பு விடாமல் துரத்திக்கொண்டே வந்தது. "சர்க்கரை: அடுத்த வாரம்." நாலு தாள் தள்ளி, "மண்ணெண்ணெய்: அடுத்த வாரம்." பிறகு சோப்பு, செருப்பு, பள்ளிக்கூடக் கூரை. மறுபடியும் சர்க்கரை. அந்த வருடம் முழுவதும் ஊரே அடுத்த வாரத்தில்தான் வாழ்ந்திருக்கிறது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அடுத்த தாளைப் புரட்டினேன்.

"காணாமல் போன வீரர்கள்: அடுத்த வாரம்."

புரூப் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "சோப்புக்கு அடுத்து ஆளுங்களா! சார், இங்க வாங்க!" ஆசிரியர் வந்தார், படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுதான் பக்கத்துக்கே மேல் தலைப்பு. பெரிய எழுத்துல போடு."

என் தோள் அசையவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

பெரியப்பா காணாமல் போனவர்களில் ஒருவர். அவரைப் பற்றிப் பெரியம்மா என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லியிருக்கிறாள். "பேப்பர்லயே போட்டிருந்தான்டி, அடுத்த வாரம்னு. அந்த வாரம் பூரா வாசல்லயே உக்காந்திருந்தேன். ஒரே ஒரு நாள் சோப்பு வரிசைக்குப் போனேன். அன்னைக்குத்தான் வந்திருப்பாரு. பூட்டின கதவப் பாத்துட்டு, இவ எங்கயோ போயிட்டான்னு திரும்பியிருப்பாரு." கோபமோ அழுகையோ இல்லாமல், அடுப்பில் பால் பொங்கிப் போனதைச் சொல்வதுபோல் சொல்வாள். அதற்குப் பிறகு அவள் எந்த வரிசையிலும் நின்றதில்லை. கடைக்கு நான்தான் போவேன்.

இயந்திரத்திலிருந்து வரும் முதல் தாளை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் மற்றதை மடிப்பாள். இந்தப் பக்கம் மதியமே அச்சாகப் போகிறது.

காலில் எறும்பு ஏறியதுபோல் நிற்க முடியவில்லை. ஆசிரியர் அறைக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடந்தேன். குடிக்காமலே டம்ளரைக் கவிழ்த்தேன். கடைசியில் உள்ளே போய், "சார், அது வேண்டாம்" என்றேன்.

"அட, பேசறா!" என்றார் ஆசிரியர். "சேர்ந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான் வாயத் திறக்கறா. அதுவும் இருக்கறதுலயே நல்லத வேண்டாங்கறா. ஏன்னு சொல்லு, எடுத்துடறேன்."

சொல்வதற்கு அது என் விஷயமாக இருந்தால்தானே? புரூப் அண்ணன் வேறு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கம்பாசிட்டர் மாமா எழுத்துப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று அந்தத் தலைப்பைத்தான் கோத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்திலிருந்து இருக்கிற ஒரே ஆள் அவர்தான்.

"மாமா, இந்தச் செய்தி நெஜமா? அடுத்த வாரம்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஈயத்துக்கு அப்போ பஞ்சம், எழுத்து பத்தாது. தினம் தேவைப்படற வார்த்தைன்னு 'அடுத்த வாரம்'ங்கறத நூல் போட்டுக் கட்டி வச்சிருந்தேன். முதல் வார்த்தைய மாத்தினா தலைப்பு ரெடி. தகவல் வரலாம்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்தாங்க. தலைப்பு என் பொறுப்பு. கட்டு கையில இருந்துச்சு, போட்டுட்டேன்." சிரித்தார். "எவன் தலைப்ப நம்பறான்?"

"பெரியம்மா நம்பினாங்க."

மாமாவின் கையிலிருந்த எழுத்து பெட்டிக்குள் திரும்பி விழுந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையிலிருந்த அச்சு மை கன்னமெல்லாம் ஏறியது.

"ஆசிரியர் கிட்டச் சொல்லி இத எடுத்துடறேன்மா. அவங்களுக்குத் தெரியவே வேண்டாம்."

இதைக் கேட்கத்தான் ஓடி வந்தேன். ஆனால் கேட்டதும் அது போதவில்லை. பெரியப்பா வந்தார், பூட்டைப் பார்த்தார், போய்விட்டார் என்றே பெரியம்மா சாகிறவரை நினைத்துக்கொண்டிருப்பாளே.

"எடுத்துடுங்க. ஆனா சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க."

மாமாவின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். நான் யாரையும் அப்படித் தொட்டதில்லை.

மடிக்கும் மேஜையில் பெரியம்மா சினிமாப் பக்கத்தை மடித்துக்கொண்டிருந்தாள். "என்னண்ணே, மூஞ்சில மை? கல்யாணமா?" என்றாள்.

மாமா சொன்னார். இயந்திரச் சத்தத்தில் பாதியை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நூல் கட்டிய விதத்தைக்கூட விரலால் சுற்றிக் காட்டினார்.

பெரியம்மாவின் கை மடிப்பின் மேல் நின்றது.

"அப்போ அந்த வாரம் யாரும் வரலையா?"

"யாரும் வரலம்மா. வர்றதா சேதியே இல்ல. வந்திருந்தா நாங்க போடாம இருப்பமா?"

அவள் அந்த மடிப்பை நகத்தால் ஒரு தடவை நீவினாள்.

"சர்க்கரை?"

"அதுவும் வரல."

பெரியம்மாவின் தோள் ஒரு தடவை குலுங்கியது. அது சிரிப்பா, வேறா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கும் அவளுக்கும் ஒரே தோள்தான், சத்தம் வராது.

"பெரியம்மா" என்றேன்.

அவள் இடுப்பில் செருகியிருந்த மை துடைக்கும் துணியை எடுத்து ஆணியில் மாட்டினாள். பாதி மடித்த தாளை அப்படியே விட்டாள். மாமா வழிவிட்டு ஒதுங்கினார். இயந்திரம் துப்பிய தாள்கள் மேஜையிலிருந்து வழிந்து தரையில் விழத் தொடங்கின. அவற்றை மிதிக்காமல், சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, பெரியம்மா படியிறங்கி நடு வெயிலில் கடைத்தெருப் பக்கம் போனாள்.