ஒரு விரல் கிரீஸ்

மருந்துக்கடைக்காரர் எங்கள் பட்டறை வாசலில் காரை நிறுத்தியபோது காலை மணி எட்டுகூட ஆகவில்லை. இறங்கியவர் வணக்கம் சொல்லவில்லை. காரின் பின்கதவைக் கயிறு போட்டு முன்சீட்டோடு இழுத்துக் கட்டியிருந்தார்.

"வளைவுல திரும்பறேன், கதவு படார்னு திறந்துக்கிச்சு. பின்னாடி என் பொண்ணு. பெல்ட் போட்டிருந்தா, தப்பிச்சா. ஒத்தச் செருப்பு ரோட்டுல போயிடுச்சு. செருப்போட போச்சு, கேட்டுக்குங்க."

கதவுகள் கிறீச்சிடுகின்றன என்று கொண்டுவந்த கார் அது. முந்தின நாள் மாலைதான் கொடுத்தனுப்பியிருந்தோம். நான்கு கதவுகளையும் பார்த்தவள் என் மருமகள். அவளுக்கு முன் எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் ஸ்பேனரைத் தொட்டதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் பட்டறை வேலைக்கு வர நான் சம்மதித்தது மகன் கெஞ்சினான் என்பதற்காக அல்ல. அவள் வேலை சுத்தமாக இருந்தது.

"யார் பார்த்தது இந்தக் கதவை?"

"நான்தாங்க." மருமகள் கையைத் துணியில் துடைத்தபடி முன்னே வந்தாள்.

"அதானே! மேஸ்திரி, இது பட்டறையா, உங்க வீட்டு அடுப்படியா? ஆளாளுக்குக் கரண்டி போட்டுக் கிண்ட விட்டிருக்கீங்க."

"வார்த்தையை அளந்து பேசுங்க," என்று மகன் ஓரடி எடுத்து வைத்தான். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

"இனிமே இவங்க எந்த வண்டியையும் தொடக்கூடாது. என் காது கேக்கச் சொல்லுங்க. இல்லேன்னா இந்தத் தெருவுல கடை கடையா ஏறிச் சொல்லுவேன். கதவைச் சரிபண்ணக் கொடுத்தேன், பிள்ளையையே பறிகொடுக்கப் பார்த்தேன்னு."

எங்கள் பட்டறையிலிருந்து போன வண்டி எதுவும் பழுதோடு திரும்பி வந்ததில்லை என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்தவன் நான். முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"எங்க குடும்பத்துல அரைகுறை வேலை கிடையாது. முதல்ல பூட்டைக் கழட்டிப் பார்ப்போம். இவ தப்புன்னா, தொடாதேன்னு நானே சொல்றேன். உங்க முன்னாடியே."

மருமகள் பின்கதவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். திருகுகளைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "கீலுக்கு கிரீஸ் வச்சேன். கண்ணாடி ரப்பருக்கு சிலிக்கான் ஸ்பிரே. பூட்டுக்குள்ள வெள்ளை கிரீஸ் ஸ்பிரே, லேசா. பழைய அழுக்கைக் கழுவிட்டுத்தான் அடிச்சேன்."

"எல்லாம் வழவழன்னு இருக்கறதுதானே? இதுல என்ன பெரிய படிப்பு?"

"நீங்க மருந்துக்கடை வச்சிருக்கீங்க. எல்லாம் மாத்திரைதானேன்னு எடுத்துக் கொடுப்பீங்களா?"

மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை.

பூட்டு வெளியே வந்தது. உள்ளங்கை அளவு இரும்பு. அதில் ஒரு கொக்கி கார்ச்சட்டத்தில் இருக்கும் கம்பியைக் கவ்வும். அந்தக் கொக்கி விலகாமல் ஒரு சின்ன நாக்கு வந்து தடுக்கும். நாக்கைத் தள்ளிவிடுவது ஒரு மெல்லிய ஸ்பிரிங். மருமகள் ஸ்குரூடிரைவரால் கொக்கியைத் திருப்பினாள். நாக்கு பாதி தூரம் வந்து அப்படியே நின்றுவிட்டது. டார்ச் அடித்தாள்.

உள்ளே கெட்டியாக, கரும்பழுப்பாக ஒரு கட்டி. அவள் சொன்ன வெள்ளை அல்ல.

எனக்கு அது தெரிந்த நிறம். சக்கர பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸ். அந்த டப்பா என் அலமாரியில் இருக்கிறது. வேறு யாரும் அதைத் தொடுவதில்லை.

வாசல் தாண்டும் ஒவ்வொரு வண்டியிலும் கடைசியாக நான் ஒரு விரல் கிரீஸ் வைப்பேன். பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். வழக்கமாகக் கீலில் வைப்பேன். நேற்று கீல்களில் அவள் வைத்ததே கச்சிதமாக இருந்தது. என் விரலுக்கு இடமில்லை. பூட்டு வாய் மட்டும் காய்ந்தது போலத் தெரிந்தது. இங்கே கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறாளே என்று விரலை உள்ளே விட்டு அழுத்தினேன். இரவுக் குளிரில் அது மெழுகாக இறுகியிருக்கிறது.

மருமகள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள். பிறகு டார்ச்சை அணைத்தாள்.

"ஆமாங்க. கிரீஸ் அதிகமாயிடுச்சு. நான் கவனிச்சிருக்கணும்."

மகனும் புரிந்துகொண்டான். தரையில் கிடந்த திருகுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"கேட்டீங்களா மேஸ்திரி? அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இப்ப சொல்லுங்க."

ஒரு சொல் போதும். தொடாதே. சொல்லிவிட்டால் அவர் போய்விடுவார். என் நாற்பது ஆண்டு அப்படியே இருக்கும். அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள், இன்றைக்கும் சரி, என்றைக்கும் சரி. காருக்குள் பின்சீட்டின் அடியில் மற்றொரு செருப்பு கிடந்தது. சின்னது, சிவப்பு, வார் அறுந்திருந்தது.

அலமாரிக்குப் போய் டப்பாவை எடுத்து வந்து அவர் முன்னால் திறந்தேன். மேல்பரப்பில் விரல் பள்ளம் தெரிந்தது. என் ஆள்காட்டி விரலை அதன் பக்கத்தில் நீட்டினேன். நகத்துக்குள் அதே பழுப்பு.

"இது அவ வச்சதில்ல. அவ செஞ்சு முடிச்ச வேலை மேல நான் கை வச்சேன். உங்க பொண்ணு விழப் பார்த்தது என்னால."

"மாமா..." என்றாள் மருமகள்.

"நீ பேசாதே. பூட்டைக் கழுவு."

மருந்துக்கடைக்காரர் டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

அவள் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, வெள்ளை ஸ்பிரேயை லேசாக அடித்தாள். கொக்கியைத் திருப்பினாள். நாக்கு 'டக்' என்று விழுந்தது. கதவில் மாட்டியதும் மருந்துக்கடைக்காரர் தாமே பத்துப் பன்னிரண்டு தடவை மூடித் திறந்து பார்த்தார்.

"நான் வெளியில சொல்லாம இருக்க மாட்டேன், மேஸ்திரி."

"சொல்லுங்க. கிழவன் விரலை விட்டுக் கெடுத்தான்னு சொல்லுங்க. மருமக சரிபண்ணினாள்னும் சேர்த்துச் சொல்லுங்க. பாதியில நிறுத்திடாதீங்க."

அவர் கயிற்றைச் சுருட்டிக் காருக்குள் போட்டார். கார் கிளம்பும்போது பழக்க தோஷத்தில் என் விரல் டப்பாவுக்குள் போயிருந்தது.

"மாமா," என்றாள் மருமகள்.

விரலைத் துணியில் துடைத்தேன். டப்பாவை அவளிடம் கொடுத்தேன்.