பச்சைப் புள்ளி

"கையை நிறுத்திடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு, பிழிந்த துணி வாளியோடு மாடிக்கு ஓடினாள் அவள். ஐந்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் கம்ப்யூட்டர் திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் எங்கே போனாய் என்று கம்பெனியில் குடைவார்கள். பக்கவாதம் வந்த அப்பாவின் வலது கைக்கு அசைவு வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே மவுஸை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டாள். அவருக்குப் பயிற்சி, அவளுக்குக் கொஞ்சம் மூச்சு. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். கொரோனாவில் வீட்டுக்குள் வந்த வேலை இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா அரசாங்க ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. அந்த ஆபீஸே ஊரடங்கில் வீட்டிலிருந்து நடந்தது என்று கேள்விப்பட்டு, யாரோ செத்துப்போன மாதிரி இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

அவள் இறங்கி வரும்போது போன் அடித்தது. டீம் லீடர். அவளைவிடப் பத்து வயது சின்னவள்.

"என்னக்கா, இப்படிக் காலை வாரிட்டீங்க?"

"என்னம்மா ஆச்சு?"

"திங்கக்கிழமையிலேர்ந்து தினமும் ஆபீஸ் வர சம்மதமான்னு மத்தியானம் எல்லார்கிட்டயும் கேட்டிருந்தாங்கல்ல. மொத ஆளா நீங்க சம்மதம் அழுத்தியிருக்கீங்க. அப்பாவை வச்சுக்கிட்டு அவங்களே வர்றாங்க, உங்களுக்கெல்லாம் என்ன கேடுன்னு மேல இருக்கிறவங்க எங்களை வறுக்குறாங்க."

"நான் எதையும் அழுத்தலையே."

"அப்ப பேய் வந்து அழுத்துச்சா? அஞ்சு மணிக்குள்ள மாத்திடுங்கக்கா. அதுக்கப்புறம் யார் கால்ல விழுந்தாலும் நடக்காது."

மணி நாலே முக்கால். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கை இன்னும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"கை தவறிப் பட்டுடுச்சாப்பா?"

நோய்க்குப் பிறகு அவருக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வரும். "படிச்சுப் பாத்துட்டுத்தான்... அழுத்தினேன்."

"நான் போயிட்டா உங்களை யாரு பாத்துக்குவா?"

"ஆள் வை." அவள் வெறுங்காலைப் பார்த்து, "நீ செருப்பு மாட்டி... எத்தனை நாளாச்சு?"

யோசித்துப் பார்த்தாள். மருந்துக் கடைக்குப் போனது. அது போன வாரமா, அதற்கு முந்தின வாரமா? கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குக்கூடத் தெம்பில்லை. காலை ஏழரை மணி பஸ், அதில் நின்றபடி போவது, ஆபீஸில் யாராவது சாப்பிட்டாயா என்று கேட்பது. அது வேண்டுமா வேண்டாமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. புதிதாக வரும் ஆள் இவருக்கு எப்படி முகம் துடைப்பார் என்பதுதான் கண்முன் வந்தது.

மவுஸை எடுக்கக் கை நீட்டினாள். பிடிமானம் வரவே வராது என்று டாக்டர் சொன்ன விரல்கள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன. அவர் கைமேல் அவள் கை. அவள் இழுக்கவில்லை, அவரும் விடவில்லை.

திரையில் பச்சைப் புள்ளி மஞ்சளாக மாறியது.