ஃபேன் நின்ற பிறகு

வியாழக்கிழமை மதியம் ஆர்வோவும் நானும் சேர்ந்து என் லேப்டாப்பைக் கெடுத்தோம். கெடுக்கிறோம் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே கெடுத்தோம்.

எங்களுக்கு வீடுகளுக்குள் ஜிப்சம் பலகை அடித்து, இணைப்புகளில் மாவு பூசி, காய்ந்ததும் தேய்க்கிற வேலை. தேய்த்தால் தூசி மூக்கு, காது, சோற்று டப்பா எல்லாவற்றிலும் ஏறும். வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் குழாயை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் காற்றடித்துக்கொள்வோம். தொப்பிக்கும் பூட்ஸுக்கும் கருவிகளுக்கும் அதுதான் குளியல்.

மதிய இடைவேளையில் மாவு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்துப் படிப்பேன். மைத்துனி கொடுத்தது. நாங்கள் அடிக்கிற பலகையைவிட மெலிசு. அன்றைக்கு அதன் ஃபேன் ஊளையிட்டது. அடிப்பக்கம் கை வைக்க முடியாத சூடு.

"தூசி அடைச்சிருக்கும் பெருசு. ஒரு அடி அடிச்சா போயிரும்," என்றான் ஆர்வோ.

லேப்டாப்பின் பக்கவாட்டுத் துளையில் கம்ப்ரஸர் குழாயை வைத்து அழுத்தினான். உள்ளே ஃபேன் ஆம்புலன்ஸ் மாதிரி கூவிக்கொண்டு சுற்றியது. மறுபக்கம் வெள்ளையாகத் தூசி பறந்தது. கைதட்டினோம். அதற்குப் பிறகு அது ஊளையிடவில்லை, கல்லை மெல்லுகிற மாதிரி அரைத்தது.

ரிப்பேர் கடைப் பெண் அந்தச் சத்தத்தைப் போனிலேயே கேட்டாள். இறக்கையை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு மெல்லத்தான் ஊதியிருக்க வேண்டும், இப்போது அச்சே போயிருக்கும், புது ஃபேன் வர ஒரு வாரம் ஆகும் என்றாள். அதுவரை அடியில் காற்றுப் போக உயர்த்தி வையுங்கள், சார்ஜில் போட்டு ஓட்டாதீர்கள், அது இன்னும் சூடாக்கும் என்றாள்.

எனக்குத் தேர்வு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு.

பள்ளிப் படிப்புக்குச் சமமான தேர்வு அது, கேமரா வழியாக ஒருவர் கண்காணிக்க, வீட்டிலிருந்தே லேப்டாப்பில் எழுதுவது. நான்கு தாளில் மூன்று தேறிவிட்டேன். மிச்சம் வாசிப்புத் தாள். நான் எழுத்துக் கூட்டவே நாற்பத்தாறு வயதில்தான் கற்றேன், அதனால் அதைக் கடைசிக்குத் தள்ளியிருந்தேன். என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. கிடங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றை முதலாளி மாதக் கடைசிவரை எனக்காகப் பிடித்து வைத்திருந்தார். சான்றிதழ் இல்லாமல் தர முடியாது என்றும் சொல்லிவிட்டார். இந்தத் தேதியை விட்டால் அடுத்தது மார்ச்சில். நடுவில் மெஷின் அணைந்தாலும் மார்ச்தான். வேறு மெஷின் தேடினோம். ஆர்வோவிடம் இருந்ததில் கேமரா இல்லை. நூலகத்தில் தனியறை இல்லை, தேர்வுக்கு ஆள் இல்லாத அறை வேண்டும்.

சனிக்கிழமை எட்டு மணிக்குச் சமையலறை மேஜையில் ஓட்டிப் பார்த்தேன். இருபது நிமிடம் அரைத்தது, பிறகு சூடு தாங்காமல் திரை கறுத்துவிட்டது.

மார்லிஸ் முட்டை வறுத்துக்கொண்டே அதைப் பார்த்தாள். முப்பது வருடமாக என் மனைவி, எதற்கும் பதறுகிறவள் இல்லை.

"ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்து எழுதுறியா?" என்றாள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "விளையாட்டுக்குச் சொல்லலை, ஹார்லன். கராஜ் இருக்குல்ல."

அன்று வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி. கராஜுக்குள் அதைவிடக் கொஞ்சம் தேவலை. சீட்டாடும் மேஜையைச் சுவரோரம் போட்டேன். பிளக்கும், பெரிய கதவைத் தூக்கும் பட்டனும் அந்தச் சுவரில்தான் இருந்தன. மார்லிஸ் பிஸ்கட் ஆறவைக்கும் கம்பித் தட்டைக் கொண்டுவந்து லேப்டாப்புக்கு அடியில் வைத்தாள். தடித்த கோட்டு, காது மூடிய தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு லேப்டாப்பில் கண்காணிப்பாளரின் குரல் வந்தது. கம்பித் தட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னார், காட்டினேன், சரி என்றார்.

"தொப்பி, கோட்டு, கையுறை எல்லாம் கழட்டிருங்க சார். ரூல் அப்படி."

"சார், நான் கராஜுல இருக்கேன்."

"தெரியுது. எனக்கும் வருத்தந்தான். ரூல் அப்படி."

கழற்றினேன். எழுந்திருக்கக் கூடாது, திரையைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, யாரும் வரக் கூடாது, சத்தம் கூடாது என்று சொல்லிவிட்டு எழுபது நிமிடக் கடிகாரத்தை ஓடவிட்டார்.

பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தேன். குளிர் சூட்டைத் தின்றது. ஆனால் பேட்டரியையும் சேர்த்துத் தின்னும் என்று நான் யோசிக்கவில்லை. மூன்றாவது பத்தியைப் படிக்கும்போது பேட்டரி எழுபது சதவீதம் இருந்தது. அடுத்த முறை பார்த்தபோது முப்பத்தொன்று. ஒரு வாக்கியத்தை மூன்று தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. எண் ஒன்பதுக்கு வந்ததும் வேறு வழியில்லாமல் பிளக்கைச் செருகினேன். ஐந்தே நிமிடத்தில் ஃபேன் அரைக்கத் தொடங்கியது.

"சார், உங்க பக்கம் சத்தம் அதிகமா இருக்கு. தொடர்ந்தா நான் குறிச்சு வைக்க வேண்டியிருக்கும்."

மெஷின் சத்தம், என்னால் ஆவது ஒன்றுமில்லை என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் உள்ளே டக்கென்று ஏதோ முறிந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"நன்றி சார். இப்ப நல்லா இருக்கு," என்றார்.

அவருக்கு நல்லது. எனக்கு இல்லை. ஃபேன் செத்துவிட்டது. உள்ளங்கைக்குக் கீழே சூடு ஏறுவது தெரிந்தது. கடிகாரத்தில் மிச்சம் இருபத்தாறு நிமிடம், இன்னும் பதினோரு கேள்வி.

"சார், கராஜ் கதவைத் திறக்கணும்."

"எந்திரிக்கக் கூடாது."

"எந்திரிக்கலை. கையை மட்டும் நீட்டுறேன். நீங்க பாத்துக்கிட்டே இருங்க."

அவர் யோசிக்கும் நேரம் கடிகாரத்தில் ஓடியது. பிறகு சரி என்றார். முப்பது வருடம் கூரைக்கு மாவு பூசிய கை, எட்டியது. கதவு கிறீச்சிட்டு மேலே போனது. ஏரிப் பக்கமிருந்து காற்று நேராக வந்து சட்டைக்குள் புகுந்தது. பல் அடித்துக்கொண்டது. லேப்டாப் கொஞ்சம் ஆறியது.

ஏழு கேள்வி மிச்சமிருக்கும்போது வாசலில் பனி தள்ளும் இயந்திரம் உறுமியது. பார்க்காமலே தெரிந்தது, எதிர்வீட்டு ஆர்வோதான். கெடுத்த பாவத்துக்கு எங்கள் வாசலைச் சுத்தம் செய்து கொடுக்க வந்திருக்கிறான். கண்ணைத் திரையிலேயே வைத்திருந்தேன். முன்வாசல் கதவு படாரென்று அறைந்துகொண்டது. பனியில் யாரோ ஓடினார்கள். உறுமல் நின்றது. கண்காணிப்பாளர் தேர்வை நிறுத்தவில்லை.

பிறகு ஆர்வோ சொல்லித்தான் தெரியும். மார்லிஸ் வீட்டுச் செருப்போடு ஓடிவந்து இயந்திரத்தின் முன்னால் கையை விரித்து நின்றிருக்கிறாள். வாயைத் திறக்காமல், ஒரு விரலை மட்டும் உதட்டில் வைத்துக் காட்டினாளாம்.

கடைசிக் கேள்வியை விரல் மரத்துப்போய் இரண்டு தடவை தப்பாக அழுத்தித் திருத்தினேன். முடித்தேன் என்று அழுத்தினேன். விடைகள் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் வந்த 'கிடைத்தது' என்ற வார்த்தையைப் படித்தேன், எழுத்துக் கூட்டாமல் ஒரே பார்வையில். அடுத்த நொடி திரை கறுத்தது.

இரண்டாம் நாள் முடிவு வந்தது. தேறுவதற்கு வேண்டியதைவிட இரண்டு மதிப்பெண் கூட. முதலாளியிடம் நான் சொல்வதற்கு முன்பே ஆர்வோ போய்ச் சொல்லிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை மார்லிஸ் உள்ளே வந்து கோட்டைத் தோளில் போட்டபோது நான் மேஜையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்ப ஏன் இன்னும் அதைக் கட்டிப்பிடிச்சிட்டு உக்காந்திருக்க?"

செத்த லேப்டாப்பின் அடியில் இரண்டு கையையும் வைத்திருந்தேன். அந்தக் கராஜில் சூடாக இருந்தது அது ஒன்றுதான்.