கைதட்டு வாங்கிய அழுகை

"பாட்டு சரி. அழுகைதான் பொய்" என்று இயக்குநர் ஒத்திகையை நிறுத்தினார்.

பழைய கிடங்கு ஒன்றின் மேல்தளம்தான் எங்கள் ஒத்திகை இடம். மின்விசிறிச் சத்தம் வசனத்தைத் தின்றுவிடும் என்று அதை அணைத்து வைத்திருந்தார்கள். வியர்வை கண்ணுக்குள் இறங்க, தரையில் உட்கார்ந்து ஒரு சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். கடலுக்குப் போன மகன் திரும்பி வராத கதையை ஒருத்தி பாட்டும் பேச்சுமாக ஒரு மணி நேரம் சொல்ல வேண்டும். மேடையில் நான் ஒருத்திதான். கடைசியில் அவன் சட்டையை மடித்தபடியே அழ வேண்டும். குழுவில் என்னைச் சேர்த்ததே பாட்டுக்காகத்தான். கேட்டதை அப்படியே திருப்பிப் பாடுகிற காது எனக்கு. ஆனால் அழச் சொன்னால் பல்வலி வந்தவள் மாதிரி முகத்தைக் கோணினேன்.

"வீட்ல யாராவது அழுது பார்த்திருக்கியாம்மா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அப்பா சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அம்மா தையல் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறவள். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு மேடையில் ஆடப் போய்விட்டாள் என்று சொந்தக்காரர்களிடம் வசை வாங்கிய முதல் ஆளும் நான்தான். அப்பா மட்டும் "என்ன பட்டதாரி, இன்னைக்கு என்ன வேஷம்?" என்று கேட்டுச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"எங்க வீட்ல வேற எதுக்கு வேணா பஞ்சம் வரும் சார். அழுகைக்கு வராது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அப்போ அதக் கொண்டு வா."

கொண்டு போனேன்.

அம்மா யார் முன்னாலும் அழ மாட்டாள். அழுகிறபோது வேலையை நிறுத்தவும் மாட்டாள். அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்று, மடித்த துணியையே பிரித்து மறுபடி மடிப்பாள். முதலில் ஒரு மூச்சை உள்ளே இழுப்பாள். இழுத்ததை வெளியே விட மாட்டாள். அதன் மேலேயே இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. மூன்றாவதில் தொண்டைக்குள் ஏதோ முறிகிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம், மூடிய பெட்டிக்குள்ளிருந்து பூனைக்குட்டி கூப்பிடுவது போல. உடனே ஒரு பொய் இருமல். யாராவது வந்தால் இருமல் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக.

சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம்தான். ஆனால் நான் அதைப் படித்தது ஒரே ஒரு நாளில். அப்பாவின் நெஞ்சை ஸ்கேன் எடுத்துவிட்டு இருவரும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் அது. அப்பா படுத்துவிட்டார். அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அலமாரிக்குப் போனாள். நான் கதவோரம் நின்றேன். உள்ளே போகவில்லை. விரலால் தொடையில் தட்டித் தட்டி மூச்சுகளை எண்ணினேன். மூன்றாவது மூச்சுக்கும் அந்தச் சத்தத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் பார்த்தேன். சத்தம் எந்தச் சுருதியில் விழுகிறது என்று மனதுக்குள் பாடிப் பார்த்தேன். இரண்டாம் தடவை அழுதபோது சரிபார்த்துக்கொண்டேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஒத்திகைக்கு ஓடினேன், மறந்துபோவதற்குள்.

அன்றைக்கு ஒத்திகை முடிந்ததும் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆறாவது காட்சிக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். அப்பாவால் எங்கள் மூன்று மாடியை இறங்கி ஏற முடியவில்லை. கம்பெனியில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, வெளியூர்ப் பயணத்துக்கென்று வைத்திருந்த புடவையை உடுத்தி, மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். பாடும்போது அவள் தலை லேசாக ஆடியதைப் பார்த்தேன். சட்டையைக் கையில் எடுத்தபோது ஆட்டம் நின்றது. முதல் மூச்சு. இரண்டாவது. மூன்றாவது. அரங்கத்தில் ஒருத்தி விம்மினாள். நான் பொய் இருமல் இருமினேன். விளக்கு அணைந்ததும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். நாலு நிறுத்தம் தாண்டி, "நல்லா பாடின" என்றாள். இன்னும் இரண்டு நிறுத்தம் போனது.

"எவ்ளோ நேரம் நின்னு பார்த்த?"

எதைக் கேட்கிறாள் என்று தெரியாதவள் போல நடிக்கலாம்தான், அதுதானே என் தொழில். "கொஞ்ச நேரம்" என்றேன்.

"அவ்ளோ நேரம் நின்ன இல்ல, அம்மான்னு ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாம்."

கோபம் இல்லை அவள் குரலில். இருந்திருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன். கத்தத் தெரியும் எனக்கு, கத்தியே வளர்ந்தவள். இறங்கும் இடம் வந்ததும், "பார்த்து இறங்கு, படி வழுக்கும்" என்றாள்.

அதன்பிறகு அவள் அழுது நான் கேட்கவில்லை.

நாற்பது காட்சி ஆனது. பத்திரிகையில் என் படம் போட்டு, 'நடிப்பே இல்லாத அழுகை' என்று எழுதினார்கள். அதை அப்பா மடித்துப் பெயின்ட் டப்பாக்கள் வைக்கும் பலகையில் செருகி வைத்தார். நாற்பத்தொன்றாவது காட்சிக்கு முந்தைய வாரம் அவர் இறந்துபோனார்.

வீடு நிறைய ஆட்கள். அம்மா அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் அடுத்த அறையில் இருக்கும்போது ஒரு மூச்சு உள்ளே போகிற சத்தம் கேட்கும். நான் எட்டிப் பார்த்தால் அது அப்படியே நிற்கும். அவள் கண் என் மேல் விழும். பிறகு கீழே போகும். வாயைத் துணியால் துடைத்துக்கொள்வாள், தண்ணீர் குடித்தவள் மாதிரி.

"கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்றாள் அத்தை, எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு என்னிடம் திரும்பி, "நீயாவது அழுடி. ஊருக்கெல்லாம் அழுது காட்டுற, பெத்தவனுக்கு அழ மாட்டியா?"

"வாய மூடு அத்தை."

"பார்த்தீங்களா, படிச்ச திமிர!"

உண்மை என்னவென்றால் எனக்கும் அழுகை வந்தது. வந்ததும் முதல் மூச்சு உள்ளே போனது, இரண்டாவது அதன் மேல் ஏறியது, மூன்றாவதில் அதே பூனைக்குட்டிச் சத்தம். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். என் சொந்த அழுகை எது என்று எனக்கே தெரியவில்லை. உதட்டைக் கடித்து நிறுத்தினேன்.

எட்டாம் நாள் மதியம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தள்ளிப்போன காட்சிக்காகக் காலையில் இயக்குநர் போன் செய்திருந்தார். அந்த அழுகை இல்லாமல் செய்கிறேன் என்றேன். "அது இல்லன்னா அந்த இடத்துல என்னம்மா இருக்கும்?" என்று கேட்டார், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

அம்மா அப்பாவின் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். தலையணையை எடுத்தவள் அதை மார்போடு வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தோள் ஒரு தடவை உயர்ந்தது. நான் கதவோரத்தில் நின்றிருந்தேன். இந்தத் தடவை கூப்பிட்டேன்.

"அம்மா."

திரும்பினாள். கிட்டே போக ஒரு அடி வைத்தேன். தோள் இறங்கிவிட்டது. தலையணையைக் கட்டிலில் போட்டு இரண்டு தட்டுத் தட்டினாள்.

"கொஞ்சம் கடைக்குப் போயிட்டு வரியாடி?" என்றாள். குரல் கெஞ்சியது. என் அம்மா என்னிடம் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

"போறேன்."

"மெதுவா வா."

மூன்று மாடியும் இறங்கினேன். பாழாய்ப்போன காது என்னுடையது, படிக்கட்டில் நின்றால்கூடக் கேட்கும். வாசலைத் தாண்டினேன். பஸ் போகும் சாலை வரை நடந்து, ஹாரன் சத்தம் தலையை அடைக்கிற இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். தார் உருகுகிற வெயில். கட்டடம் முழுக்க ஜன்னல்களைத் திறந்து போட்டிருந்தார்கள். மூன்றாம் மாடியில் ஒரு கை வெளியே நீண்டு, எங்கள் ஜன்னலின் ஒரு கதவைப் பிடித்து இழுத்தது. பிறகு மற்றொன்றை.