சீக்கு மரம்

அறுத்த துண்டு தரையில் விழுந்ததும் கமலவேணி ரம்பத்தைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள். கடற்கரையில் ஒதுங்கிய, ஏதோ வெள்ளைக்காரன் கப்பலின் பழைய பாய்மரக் கம்பத்து அடிக்கட்டை. கஞ்சி காய்ச்சத்தான் இழுத்து வந்திருந்தாள். வெட்டிய முகத்தில் வளையம் வளையமாய்க் கோடுகள். மலாக்கா மரம் எதிலும் இவ்வளவு தெளிவாய்க் கோடு கிடையாது.

உள்ளே அப்பா கலியாணசுந்தரத்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கப்பலில் கரி தள்ளி வடதுருவத்துப் பக்கமெல்லாம் போய்வந்த மனிதர். அங்கிருந்து கொண்டுவந்த பைன்மர வில்லையைக் காட்டி, "ஒரு கோடு ஒரு வருஷம். கோடு நெருங்கியிருந்தா அந்த வருஷம் அங்க வெயிலே சரியா காயல" என்று சொல்லிச் சொல்லியே காஜா பெராங் ஊர் முழுக்கக் கேலிக்கு ஆளானவர். கேலியில் முதல் ஆள் எதிர்வீட்டுத் தாய்மாமா சுப்பையன்.

"அது சீக்கு மரம் மச்சான். குளிராவது, மண்ணாங்கட்டியாவது!"

அப்பா கண்மூடுவதற்குள் இந்தக் கேலிக்கு ஒரு முடிவு கட்டாவிட்டால், இந்த ஜப்பான்காரன் காலத்தில் கிடைக்கிற மரவள்ளிக்கிழங்குகூட இனித் தொண்டையில் இறங்காது என்றிருந்தது அவளுக்கு.

வில்லையைக் கொண்டுவந்து கட்டையின்மேல் வைத்து மெல்ல நகர்த்தினாள். ஓரிடத்தில் கை நின்றது. வில்லையில் நெருக்கமாய் இரண்டு, அகலமாய் ஒன்று, பிறகு மயிரிழையாய் ஒரு கற்றை. கட்டையிலும் அப்படியே!

"மாமா! ஓடியாங்க!"

மாமா வந்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். பொருந்தாமல் போகட்டும் என்று திருப்பித் திருப்பி வைத்தும் பார்த்தார்.

"ரெண்டு மரத்துக்குமா மாமா ஒரே வருஷத்துல சீக்கு வரும்?"

அவள் இரண்டையும் அப்பாவின் பாயருகே கொண்டுபோனாள்; மாமாவும் பின்னாலேயே வந்தார். அப்பா விரலால் தடவினார். முகமெல்லாம் சிரிப்பு.

"இப்ப சொல்லு மச்சான்."

"குளிருதான் மச்சான். நீங்க சொன்னதுதான்!" மாமா சொன்னது தெருவுக்கே கேட்டது. கமலவேணிக்குப் பூரிப்பில் அழுகை வந்தது. பொழுது சாய்வதற்குள் அப்பா போய்விட்டார், அந்தச் சிரிப்போடேயே.

மறுநாள் சிதைக்கு விறகு போதவில்லை. ஊரிலிருந்த பலகை, கட்டையெல்லாம் ஜப்பான்காரன் வாரிக்கொண்டு போயிருந்தான். பக்கத்து வீட்டுத் தியாகு அந்த இரண்டு துண்டுகளையும் தூக்கினான்.

"கீழ வைடா! அது எரிக்கிற மரமா?" மாமா பாய்ந்து பிடுங்கினார்.

"பின்ன எத வச்சு எரிக்கிறது?"

மாமா விறுவிறுவென்று தன் வீட்டுக்குப் போனார்.

பாடை தெருமுனை திரும்பியதும் கமலவேணி எதிரே பார்த்தாள். மாமா வீட்டு வாசல்நிலையில் கதவு இல்லை. அத்தை ஒரு பழைய சேலையைக் குறுக்கே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.